கீழ்த்தளத்து ஆராதனை

எட்மன்டனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
சபை முற்றத்துக் கார்கள் ஒவ்வொன்றும்
மின்கம்பியில் வாய் வைத்து
பால் குடிப்பதுபோல் நிற்கின்றன.
மேலே கான்டனீஸ், ஒன்பதரைக்கு.
கீழே நாங்கள், பதினொன்றுக்கு,
கூடைப்பந்துக் கோடுகள் போட்ட தரையில்.
வளையத்துக்கு நேர் கீழே என் பிரசங்க மேடை.

பதினொரு வருடமாக அறிவிப்புத் தாளில்
"ஆங்கிலப் பக்கம்: போதகர் ரோலண்ட் ஹுய்."
பக்கம் என்றால் பக்கம்தான்.
புரட்டினால் தீர்ந்துவிடும்.

மேலே ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும்
எங்கள் கூரைக்கு மேல் நாற்காலிகள் இழுபடும்.
அந்த இடியில்தான் என் ஆரம்ப ஜெபம்.
பிறகு சோற்று வாசனை.
திருமதி சுங் நான்கு பெரிய குக்கர்களையும்
பதினொன்றரைக்குத் தட்டிவிடுவார்.
என் பிரசங்கத்தின் மூன்றாம் பகுதியை
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
நானும் ஒழுங்காகத் தயாரிப்பதில்லை.

மூப்பர்கள் கூட்டத்தில் எனக்குப் பாதி புரியும்.
புரியாத பாதியில்தான் முடிவெடுக்கிறார்கள்.
கடைசியில் மூப்பர் யிப்
எனக்காக ஆங்கிலத்துக்கு இறங்கி வருவார்:
"பிள்ளைகளுக்கு ஹீட்டர் அடுத்த வருடம்."
பிள்ளைகளில் ஒருத்தி பல் மருத்துவர்.
மூப்பர் யிப்பின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவளே அவள்தான்.

ஜூனில் பட்டமளிப்பு.
ஆகஸ்டில் வழியனுப்பும் கேக்.
டொரான்டோ, கால்கரி, ஒரு பையன் ரோட்டர்டாம்.
அங்கே நல்ல சபை இருக்கிறதா என்பேன்.
பார்க்கிறேன் பாஸ்டர் என்பார்கள்,
செருப்பைத் தேடும் குரலில்.
மீந்த கேக் என் வீட்டுக்கு வரும்.
ஆகஸ்டில் நான் எடை கூடுவதற்கு
என் மனைவி வைத்திருக்கும் பெயர்
ஊழியத்தின் கனி.

ஈஸ்டருக்கு மட்டும் ஒரே ஆராதனை.
நான் ஒரு வரி, திரு பூன் ஒரு வரி.
என் நீண்ட வாக்கியம் அவர் வாயில் நாலே சொல்லாகும்.
என் நாலு சொல்லுக்கு அவர் ஒரு நிமிஷம் எடுப்பார்.
ஒருமுறை நான் வேடிக்கையாக எதுவும் சொல்லாமலே
கூடம் முழுக்கச் சிரித்தது.

போன வருடம், எழுதி வைக்காமல்,
"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன்.
திரு பூன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.
ஏதோ சொன்னார்.
நரைத்த தலைகள் நிம்மதியாக அசைந்தன.

சமையலறையில் மடக்கினேன். என்ன சொன்னீர்கள்?
கோப்பையை ஊதியபடி சொன்னார்:
"போதகர் உங்களுக்காக ஜெபிக்கிறார் என்றேன்.
பொய்யா?"
பொய் இல்லை.

இந்த ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம்.
நாற்பது வருட ஆங்கிலம்
ஒரே இரவில் வடிந்துவிட்டது.
வார்டில் அவர் கட்டிலருகே
என் சமையலறைக் கான்டனீஸோடு உட்கார்ந்தேன்.
கண்ணை மூடி, கர்த்தரே என்று தொடங்கினேன்.
ஏற வேண்டிய ஒலி ஏறாமல் தட்டையாக நின்றுவிட,
பன்றியே என்று கூப்பிட்டிருக்கிறேன்.
பன்றியே, இந்த மனிதரைத் தொட்டருளும்.
அவருடைய பாதி வாய் சிரித்தது.
மறுபாதி முயன்றது.

சிரிப்பு அடங்கிய பிறகு
என்னிடம் மிச்சமிருந்தவை மூன்று சொற்கள்.
ஆறு வயதில், விளக்கணைந்ததும்,
சுவருக்கு அப்பாலிருந்த அம்மாவை அழைத்துச் சொன்னவை.
ஒலி பிசகாமல் வந்தன.
எனக்குப் பயமாக இருக்கிறது.

இடையில் யாரும் இல்லை.
அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
நீளமாக என்னவோ சொன்னார்.
எனக்குப் பாதி புரிந்தது.

தாண்டிப்போன நர்ஸ் நின்றாள்.
"என்ன கேட்கிறார்?"
நான் கண்ணாடியைச் சரிசெய்தேன்.
"தண்ணீர்" என்றேன்.

கொண்டுவந்தாள்.
என் முகத்தையே பார்த்தபடி
அவர் மறுக்காமல் குடித்தார்.